வாசலில் கிடந்த கருநீலம்

ஒரு பொருள் வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் அதன் விலை ஏறிவிடுகிற காலத்தில், மதுரை விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் நாங்கள் ஜவுளிக்கடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நேரம் பார்த்துத் தொழில் செய்வதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்போது எல்லோர் மூக்கிலும் கண்ணாடி ஏறியிருந்தது. படிக்கிற கண்ணாடி இல்லை, கடை காட்டுகிற கண்ணாடி. அதன் காம்பில் கடுகளவு ஒரு கருவி. ஆசைமானி என்று பெயர். நீங்கள் ஒரு புடவையைப் பார்க்கிறீர்கள். கருவிழி கொஞ்சம் விரிகிறது, நெற்றியோரம் நாடி கொஞ்சம் துள்ளுகிறது. கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணமே உங்களுக்கு மட்டும் விலை ஏறும். பக்கத்தில் நிற்பவருக்கு அதே புடவை பாதி விலை, ஏனென்றால் அவருக்கு அது வேண்டாம். சரி, அவரை விட்டு வாங்கலாமே என்றால், உங்களுக்காக வாங்க வேண்டும் என்று அவர் நினைத்ததும் அவருக்கும் ஏறிவிடும். கல்யாணப் பெண்ணைப் பெற்றவர்கள் ஊரிலேயே அதிகமாகக் கொடுத்தார்கள். மூச்சிரைப்புக்காரர்கள் மருந்துக்கு அவர்களையும் தாண்டிக் கொடுத்தார்கள்.

இதை நான் ஒழுக்கம் பேசுவதற்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருமே பிறவி ஆசைமானிகள்தான். வாசலில் செருப்பை விடும்போதே இந்த அம்மா எந்தப் புடவையை எடுக்கும், எவ்வளவுக்கு மசியும் என்று சொல்லிவிடுவேன். ஒரே வித்தியாசம், எங்களுக்குக் கண் இருந்தது, வாங்க வந்தவர்களுக்குக் கால் இருந்தது. பிடிக்காவிட்டால் எழுந்து நடக்கலாம். கண்ணாடிக் கடையில் எங்கே நடப்பது? முகத்திலேயே அல்லவா கடை இருக்கிறது.

சந்துக்கு வருகிற கூட்டம் மெலிந்தது. எல்லோரும் மண்கோட்டைக்குப் போய்விட்டார்கள்.

மண்கோட்டை முதலில் பிள்ளைகள் விளையாட்டாக வந்தது. தலையில் குல்லாயை மாட்டினால் ஒரு கட்டாந்தரையில் நிற்பீர்கள். எல்லாமே கட்டி கட்டியாக இருக்கும். மண் ஒரு கட்டி, மரம் சில கட்டி, மலை பல கட்டி. வெட்டலாம், அடுக்கலாம், வீடு கட்டலாம். பசி எடுக்கும், இருட்டினால் மண்பூதங்கள் வந்து அடிக்கும், தாக்குப்பிடிக்க வேண்டும். பிறகு பெரியவர்களும் உள்ளே போய்க் குடியிருக்க ஆரம்பித்தார்கள். குடியிருப்பு வந்தால் கடைவீதி வராமல் இருக்குமா? மண்கோட்டைக் கடைவீதியில் புடவை எடுத்தால் மறுநாள் நிஜப் புடவை நிஜ வீட்டுக்கு வரும் என்று ஏற்பாடு செய்தது கம்பெனி. மதுரையின் பாதி வியாபாரம் அங்கே நகர்ந்துவிட்டது.

ஆனால் அங்கே கடை போட அஸ்திவாரத்தில் ஒரு கட்டி கருநீலம் பதிக்க வேண்டும். மண்கோட்டையிலேயே அரிதான கல் அது. காசுக்குக் கிடைக்காது, தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு கடைக்கு ஒரு நிலம், இரண்டு பேர் தோண்டலாம். தீபாவளி வியாபாரம் தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கல் பதிக்காவிட்டால் இடம் போச்சு. சந்தில் கூட்டம் இல்லாமல், உள்ளேயும் கடை இல்லாமல், நாங்கள் வெறும் துணி வைத்திருக்கிற குடும்பமாகிவிடுவோம்.

என் தம்பி நாகேந்திரன் தோண்டினான்.

கடையின் பின்கட்டில், வேட்டிக் கட்டுகளுக்கு நடுவே நாற்காலி போட்டுக் குல்லாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவன்தான். சித்திரையில் உட்கார்ந்தான், புரட்டாசி வந்துவிட்டது. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் கழற்றுவான், பிறகு அதுவும் குறைந்தது. எத்தனை கட்டி ஆழத்தில் நெருப்புக்குழம்பு ஓடும், எந்த மண்ணுக்குக் கீழே எந்தக் கல் வரும், கிளைகிளையாகச் சுரங்கம் வெட்டுவது எப்படி, எல்லாம் அத்துபடி. கனவில்கூடக் கை வெட்டும். இரும்பு கிடைத்தது, செம்பு கிடைத்தது, ஒருமுறை பொன்கூடக் கிடைத்தது. கருநீலம் மட்டும் கிடைக்கவில்லை. மூன்று முறை கண்ணில் பட்டதாம். கிட்டே போனால் வெறும் கரும்பாறை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எதிர்க்கடை வளையல்காரருக்குக் கிடைத்துவிட்டது. அவர் உள்ளே போனதே தோண்ட அல்ல. வீட்டில் சண்டை, நிம்மதியாகக் கண்ணயரலாம் என்று போயிருக்கிறார். தலைக்கு வைக்க ஒரு கட்டியைப் பெயர்த்தால் அது கருநீலம்.

இந்தப் புதிரை அவிழ்த்தவர் கிருபாகரன். மண்கோட்டைக் கம்பெனியின் மதுரை ஆபீசில் மண்பூதங்களுக்கு நடக்கச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. லுங்கி வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவார். கம்பெனிக்காரரே கண்ணாடிக் கடையில் வாங்காமல் இங்கே வருகிறாரே என்று முன்பே எனக்குச் சந்தேகம்.

"ஏன் தம்பி, உங்க மண்கோட்டைல லுங்கி கிடைக்காதா?"

"கிடைக்கும்க்கா. எனக்கு லுங்கி ரொம்பப் பிடிக்கும். அதான் கட்டுப்படியாகலை."

டீ வாங்கிக்கொடுத்து உட்கார வைத்தேன். பின்கட்டில் காற்றை வெட்டிக்கொண்டிருந்த நாகேந்திரனின் கையைக் காட்டினேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"அக்கா, நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. அந்தக் குல்லாய்க்குள்ளயும் ஆசைமானி இருக்கு. மொதல்ல அங்கதான் வெச்சாங்க, அப்பறம்தான் கடைக்கண்ணாடிக்கு வந்துச்சு."

"விளையாட்டுல எதுக்கு? அங்க விலை இல்லையே."

"கல்லு எங்க இருக்குன்னு மொதல்லயே எழுதி வெக்கிறதில்லக்கா. நீங்க வெட்ட வெட்டத்தான் உள்ள இருக்கிறதை அது முடிவு பண்ணும். உங்களுக்கு ரொம்ப வேணும்னா தள்ளி வெக்கும். அப்பத்தானே தோண்டிக்கிட்டே இருப்பீங்க. விட்டுருவோமோன்னு மனசு சலிச்சா கொஞ்சம் பொன்னு காட்டும். மறுபடி ஆசை வந்துருமா, மறுபடி தள்ளி வெக்கும்."

"அப்போ இவனுக்குக் கிடைக்காதா?"

"அண்ணன் மாதிரி ஆசைப்படுற ஆளு எங்க ஆபீசு கணக்குலயே இல்லக்கா. அவரு தோண்டத் தோண்டக் கல்லு ஓடும்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முப்பது வருஷமாக வாடிக்கையாளர் கண்ணைப் பார்த்தே விலை சொன்னவன். இப்போது எவனோ அவன் கண்ணைப் பார்த்து விலை சொல்லிக்கொண்டிருக்கிறான், இவனுக்குத் தான் கல்லாவில் உட்கார்ந்திருப்பதாகவே நினைப்பு. வியாபாரி வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கத் தெரியாது, விற்கத்தான் தெரியும்.

எனக்கு வாங்கவும் தெரியும் என்று நான் நினைத்தேன். வேண்டிய புடவையைத் தொடக்கூடாது, பக்கத்துப் புடவையின் விலையைக் கேட்க வேண்டும், முகத்தில் ஈ ஆடக்கூடாது. ஒன்றும் படியாவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். இதைவிட என்ன வித்தை?

இரண்டாவது குல்லாயை மாட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். கருநீலமே தெரியாதவள் மாதிரி பூப்பறித்தேன். கோழிக்கூண்டு கட்டினேன். 'எனக்கென்ன, கரி கிடைத்தால் போதும்' என்று சத்தமாகவே சொன்னேன். மண்கோட்டை தாராளமாகக் கரி கொடுத்தது. பிறகு கோபித்துக்கொண்டு கிளம்புகிற மாதிரி வெளிவாசல் வரை நடந்தேன். அது வெள்ளைக் கல் நிலைப்படி. அதைத் தாண்டினால் தோண்டுகிற உரிமை முடிந்தது, திரும்ப அந்த நிலத்துக்குள் வர முடியாது. குல்லாயைப் பாதியில் கழற்றி வைத்தால் பரவாயில்லை; படியைத்தான் தாண்டக்கூடாது. படிக்கு முன்னால் நின்று, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஒரு கூழாங்கல்கூட அசையவில்லை.

குல்லாயைக் கழற்றினால் எதிரே கிருபாகரன், என் நாடி கோடாக ஓடுகிற தன் கம்பெனிப் போனைப் பிடித்தபடி, வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

"அக்கா, முகம் பிரமாதம். நாடிதான் ஷேர் ஆட்டோ மாதிரி ஓடுது. அதுகிட்ட நடிக்க முடியாதுக்கா. நெசமாவே வேண்டாம்னு இருக்கணும்."

"நெசமாவே வேண்டாம்னா நான் எதுக்குய்யா உள்ள போறேன்?"

"அதான்க்கா அந்தக் கருவியோட வெற்றி" என்றார்.

கடைசி வெள்ளிக்கிழமையும் வந்தது. மத்தியானம் தாண்டி, நாகேந்திரனின் மனைவி அங்கயற்கண்ணி கேரியரோடு கடைக்கு வந்தாள். அங்கை வில்லாபுரத்துப் பெண். வியாபாரக் குடும்பம் இல்லை, அவளுடைய அப்பா பஸ் கண்டக்டர். மண்கோட்டையை அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. முதல்நாள் கேரியர் திறக்காமல் மேஜைமேல் இருந்தது. அதற்கு முதல்நாள் கேரியரும் இருந்தது.

"இந்தாங்க, சாப்பிடுங்க" என்றாள்.

"வெட்டிக்கிட்டிருக்கேன் அங்கை. இதோ, இந்தப் பாறைக்குப் பின்னாடிதான்."

"என் பேரு ஞாபகம் இருக்கே, சந்தோஷம்." அவன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். வளையல்போல மெலிந்திருந்தது. என்னிடம் திரும்பினாள். "மதினி, அந்த இன்னொரு குல்லாயைக் குடுங்க."

"நீ உள்ள போயி என்ன செய்வே?"

"கூட்டிட்டு வர்றேன்."

"ஏத்தா, வாசலைத் தாண்டிட்டா அம்புட்டுத்தான். கடை போயிடும்."

"கடை போனா போகட்டும் மதினி. நான் கடையையா கட்டிக்கிட்டேன்?"

எனக்குச் சுருக்கென்றது. கொடுக்க மனமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் அவன் மணிக்கட்டை நானும் பார்த்திருந்தேன். கொடுத்தேன்.

வாங்கிய லுங்கியை மாற்றிக்கொள்ள வந்த கிருபாகரனும் நானும் சுவரில் இருந்த திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கை கட்டாந்தரையில் முளைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். கட்டி மரம், கட்டி மேகம், கட்டிச் சூரியன்.

"இதுக்கா ஆறு மாசம்?" என்றாள்.

சுரங்கத்துக்குள் இறங்கினாள். இருட்டில் ஒரு மண்பூதம் கையைத் தூக்கிக்கொண்டு வந்தது. 'சீ, தள்ளு' என்று அதை ஒதுக்கிவிட்டு நடந்தாள்.

கிருபாகரன் எழுந்தே விட்டார். "அக்கா, பயப்படுறவங்களைத்தான் அது அடிக்கும். இவங்க நாடி வீட்டுல வெங்காயம் நறுக்குற மாதிரி இருக்கு!"

அடியில் நாகேந்திரன் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"வந்துட்டியா? தீப்பந்தத்தைப் பிடி. இன்னும் கொஞ்சம்தான்."

"பிடிக்க வரலை. போறேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன். நேத்து வெச்ச சோறும் அப்படியே இருக்கு. இனி கொண்டுவர மாட்டேன். உங்களுக்குக் கல்லுதான் வேணும்னா இருங்க. நான் எங்கப்பா வீட்டுக்குப் போறேன்."

"கோவிச்சுக்கிட்டியா?"

"இல்ல. கோவம்லாம் ஆடியிலேயே தீந்துபோச்சு."

அவள் திரும்பி நடந்தாள். நாகேந்திரன் ஒருமுறை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. பாறையைப் பார்த்தான், அவள் முதுகைப் பார்த்தான். கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, "ஏய் அங்கை, இருடி, வர்றேன்" என்று ஓடினான்.

கிருபாகரன் தன் போனில் அவன் நாடிக்கோட்டைக் காட்டினார். "அக்கா! நெசமாவே கெளம்பிட்டாரு. ஆசைக்கோடு தரையில கெடக்கு."

நான் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடைக்காகவா தம்பிக்காகவா என்று இப்போது கேட்காதீர்கள்.

ஓடிய வேகத்தில் அவளையும் தாண்டி அவன் முன்னால் போய்விட்டான், அவள் பின்னால். வெளியே வந்து நடக்கிறார்கள். அப்போது பாதையோரத்தில் மண் வெடித்து ஒரு செம்புக் கட்டி தலைகாட்டியது. அவன் பார்க்கவில்லை. பத்தடி தள்ளி இரும்பு. பிறகு வெள்ளி. பிறகு ஒரு மரத்தடி முழுக்கப் பொன். வீட்டுக்குப் போனதும் ரசம் இருக்குமா என்று கேட்டுக்கொண்டே நடந்தான்.

"இது என்னக்கா, பைத்தியம் பிடிச்ச மாதிரி கொட்டுது?" என்றார் கிருபாகரன்.

கம்பெனிக்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இந்தக் குரலை எனக்குத் தெரியாதா? ஆயுசு பூராவும் நான் கூப்பிட்ட குரல் அல்லவா? 'அக்கா, குறைச்சுத் தர்றேங்க்கா... அக்கா, நீங்களே ஒரு விலை சொல்லுங்க... அக்கா, ஒரு நிமிஷம்...' மண்கோட்டை எழுந்து தெருவுக்கு வந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது. விற்காத சரக்கைப் பற்றிக் கடைக்காரனுக்குக் கவலையில்லை. இறங்கிப் போகிற காலைக் கண்டால்தான் தெருவரை ஓடிவருவான்.

"அண்ணே, பாருங்க—" என்று கிருபாகரன் கத்த வாயெடுத்தார். பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன்.

"மூச்சு விடாதீங்க தம்பி. இப்பத் திரும்பினான்னா பழைய விலைக்கே போயிடும்."

வாசல் வந்தது. நாகேந்திரன் படியில் காலை வைத்தான். வெள்ளைக் கல் நிலைப்படிக்கு ஒரு முழம் முன்னால், தரையைப் பிளந்துகொண்டு கருநீலம் வந்தது. ஒரு கட்டி. பட்டப்பகல் வெயிலில் ராத்திரி மாதிரி மின்னியது.

அவன் தாண்டிப் போயேவிட்டான். பின்கட்டில் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைக் கசக்கினான். "அக்கா, அங்கை எங்கே?"

நான் உதட்டில் விரலை வைத்தேன். திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே அங்கை படிக்கு வந்திருந்தாள். அவளைக் கூப்பிட மண்கோட்டையிடம் ஒன்றுமே இல்லை. அவளுக்கு வேண்டியது வெளியே இருந்தது. கருநீலத்தைத் தாண்டக் காலைத் தூக்கினாள். சொல்லலாமா? சொன்னால் அவளுக்கும் ஆசை வந்துவிடுமே. புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன்.

தூக்கிய காலை அவள் கீழே வைத்தாள். குனிந்தாள். கல்லைப் பெயர்த்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். படியைத் தாண்டினாள்.

குல்லாயைக் கழற்றியவளை நாங்கள் மூவரும் பார்த்த பார்வையில் அவள் பயந்துவிட்டாள்.

"என்ன மதினி? தப்பா எதுவும் பண்ணிட்டேனா? நட்ட நடு வாசல்ல கெடந்துச்சு. பின்னாடி வர்றவங்க கால் இடறுமேன்னு எடுத்தேன்."

நாகேந்திரன் திரையில் எங்கள் கடைப்பெயருக்கு நேரே மின்னிய கட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "அங்கை, அதுதான்டி அது."

"இதுவா?" என்றாள் அவள். "நான் காய்கறிக்காரன் போடுற கொசுறு மாதிரி நெனச்சேன். சரி, சோத்தைச் சாப்பிடுங்க."

பொழுது சாய நேரம் இருந்தது. மண்கோட்டைக் கடைவீதியில் கல் பதித்தோம். சந்தே திரண்டு வந்துவிட்டது. வளையல்காரர் எல்லோருக்கும் ஜிகர்தண்டா சொன்னார். நாகேந்திரன் மூன்று நாள் கேரியருக்கும் சேர்த்துச் சாப்பிட்டான்.

கிருபாகரன்தான் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தார். "எத்தனையோ பேரு வெறுத்துப் போயி வெளிய போயிருக்காங்களே அக்கா. அவங்களுக்கும் இப்படித்தானே கொட்டியிருக்கும்? யாருமே எடுக்கலையே."

"நெசமாப் போறவங்க திரும்பிப் பார்க்கிறதில்ல தம்பி. திரும்பிப் பார்க்கிறவங்க நெசமாப் போறதில்ல. அதுக்குத்தான் பொம்பளைங்க ரெண்டு பேராக் கடைக்கு வருவோம். ஒருத்தி கோவிச்சுக்கிட்டு எறங்குவா, இன்னொருத்தி வாசல்ல நிப்பா. இதை உங்க கம்பெனியில யாரும் சொல்லித்தரலையா?"

"எங்க ஆபீசுல எல்லாரும் தனியாத்தான் வாங்குறாங்க அக்கா" என்றார்.

தீபாவளிக்கு முன்பே இந்தச் சூத்திரம் ஊரெங்கும் பரவிவிட்டது. நான்தான் பரப்பினேன். மூச்சிரைப்பு மருந்துக்குக்கூட அக்கம்பக்கத்துக்காரர்கள் ஜோடி போட்டுக் கிளம்பினார்கள் என்று கேள்வி. அது வேறு கதை.

எங்கள் கடையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். திறந்த அன்றுதான், அந்தக் கல்லுக்குக் கம்பெனி எதைத் தருகிறது என்று தெரிந்தது. படியேறுகிற ஒவ்வொருவர் தலைக்குமேலும் ஒரு சிவப்புக் கோடு. ஆசைக்கோடு. கடைக்காரர் கண்ணுக்கும் கம்பெனிக்காரர் கண்ணுக்கும் மட்டும் தெரியும். முதலில் வந்த அம்மாள் கிளிப்பச்சைப் பட்டை ஒரு கணம் பார்த்தாள். கோடு கூரையை முட்டியது. உடனே பக்கத்துச் சாம்பல் நிறத்தைத் தொட்டு, "இது என்ன விலை?" என்றாள், முகத்தில் ஒன்றுமே இல்லாமல். அடடா, என்ன முகம்! ஊர் பேசி, நெசவு பேசி, கடைசியில் போனால் போகட்டும் என்கிற மாதிரி கிளிப்பச்சைக்கு வந்தாள். நான் ஒன்று சொன்னேன். அவள் பாதி சொன்னாள். நான் சிரித்தேன். அவள் எழுந்து செருப்பை மாட்டினாள்.

"விடுங்கக்கா" என்று காதருகே கிருபாகரன் கிசுகிசுத்தார். "கோடு உச்சியில நிக்குது. நடிக்கிறாங்க. தானாத் திரும்பி வருவாங்க, ரெட்டை விலை சொல்லலாம்."

"தெரியும் தம்பி. ஆனா எப்படி நடந்தா பாத்தீங்களா? அந்த நடைக்கு ஒரு விலை இருக்கில்ல?"

அஸ்திவாரத்தில் மின்னிய கல்லின்மேல் ஒரு துண்டைப் போட்டேன். கோடு மறைந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எத்தனையோ மாதமாக நான் கூப்பிடாத குரலில் கூப்பிட்டேன். "அக்கா! கோவிச்சுக்காதீங்கக்கா, வாங்க, நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கங்க!"

அவள் படி தாண்டிப் போய்விட்டிருந்தாள். ஆனால் அவளோடு வந்த நாத்தனார் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.